போட்டுல சோபா, டேபிள், பெஞ்சு: போல்ட்டா, ட்ராக்கா, கொக்கியா, இல்ல சும்மா வெச்சா போதுமா?

நாங்க கரூர்ல பஸ் சீட்டு, பஸ் இன்டீரியர் வேலை பாக்கறவங்க. கொஞ்ச நாளா போட்டு வேலையும் வருதுங்க. வர்றவங்க எல்லாம் கேக்கறது ஒரே கேள்விதான், ஆனா ஆளாளுக்கு ஒரு பதில மனசுல வெச்சுக்கிட்டே வர்றாங்க. "ஏனுங்ணா, பஸ்ஸுல மாட்டற மாதிரியே நாலு போல்ட்டப் போட்டு முறுக்கி விட்டா ஆச்சு, இதுல என்னங்ணா ரோசனை"ங்கறாரு ஒரு தம்பி. இன்னொருத்தரு திருப்பூர்க்காரரு, பனியன் கம்பெனி வெச்சிருக்காரு, ஆலப்புழாவுல ஒரு ஹவுஸ்போட்டுல பணம் போட்டிருக்காரு, அவரு "ஒறம்பரை வந்தா சோபாவ அக்கட்டால தள்ளிட்டு பாய் விரிக்கணும், அதனால எதையும் தரையோட மாட்டீராதீங்க"ங்கறாரு. மூணாவது ஆளு அணைக்கட்டுப் பக்கம் சின்னதா சவாரி போட்டு ஓட்டலாம்னு இருக்கறவரு, அவரு பிளாஸ்டிக் சேரே போதும்னு முடிவு பண்ணிட்டு, நாம தலையாட்டணும்னு மட்டும்தான் வர்றாரு.

மூணு பேத்துக்கும் ஒரே பதில் கெடையாதுங்க. ஆனா எனக்கு ஒரு விசயம் தெளிவா தெரியுது. போல்ட்டு பத்தாம அறுந்து போய் பிரச்சனை ஆகறது ரொம்பக் கம்மி. கழட்டிட்டு திருப்பி மாட்டாம விட்டதுலயும், போல்ட்டு புடிச்சிருக்கற பலகை ஊறிப் போனதுலயும்தான் முக்காவாசி ஆடிக்கிட்டு கெடக்கு. அதனால இதுல பலத்த விட, யாரு எத்தனை நாளைக்கு ஒருக்கா கழட்டுவாங்கங்கறதத்தான் நான் முன்னாடி வெச்சுப் பாக்கறேன்.

## மொதல்ல எதெதப் பாக்கணும்

எவ்வளவு ஆடும். பூலாம்பட்டியில இருந்து நெரிஞ்சிப்பேட்டைக்கு காவேரிய கடக்கற போட்டும், நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு கடல்ல போற கப்பலும் ஒண்ணில்ல. தேங்கி நிக்கற தண்ணியில அலை கம்மி, ஆனா ரெண்டு விசயம் அங்கயும் உண்டு: துறையில போய் முட்டறது, ஆளுக ஒட்டுக்கா ஒரே பக்கம் போறது. 2009 செப்டம்பர் 30-ல தேக்கடியில ஜலகன்யகாங்கற போட்டு கவுந்து 45 பேரு செத்தாங்களே, அது கடல் இல்ல, காத்துமழை இல்ல, அமைதியான ஏரித் தண்ணி. காட்டு மிருகத்தப் பாக்க ஜனங்க ஒரு பக்கமா சாஞ்சதத்தான் அப்ப எல்லாரும் பேசினாங்க.

வழுக்கறதும் கவுறதும் வேற வேற. "வெயிட்டா இருந்தா நகராதுங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, அது பாதி தப்பு. ஒரு சாமான் சாய்மானத்துல எப்ப வழுக்க ஆரம்பிக்குங்கறது அதோட எடையில இல்ல, காலுக்கும் தரைக்கும் இருக்கற பிடிப்புல இருக்குது. ஈர டைல்ஸ் மேல மரக்கால், பிடிப்பு 0.2-ன்னு வெச்சுக்கிட்டா 11 டிகிரி சாஞ்சாலே நகரும். காஞ்ச தரையில நல்ல ரப்பர் புஷ், பிடிப்பு 0.6-ன்னா 31 டிகிரி வரைக்கும் தாங்கும். 60 கிலோ சோபாவுக்கும் 5 கிலோ ஸ்டூலுக்கும் அந்தக் கணக்கு ஒண்ணுதான். வித்தியாசம் என்னன்னா சோபா நகர ஆரம்பிச்சா நிறுத்த முடியாது, ஸ்டூல கால்ல தடுத்துக்கலாம். கவுறதுக்கு வேற கணக்கு. 40 செ.மீ ஆழம் இருக்கற பீரோ, அதோட எடை மையம் தரையில இருந்து 90 செ.மீ உசரத்துல இருக்குதுன்னா 12.5 டிகிரியிலயே மண்டை கவுந்துரும், அடியில எவ்வளவு ரப்பர் ஒட்டினாலும் சரி. ஏன்னா அங்க வழுக்கலே இல்ல, புரள்றதுதான்.

அடியில என்ன இருக்குது. பஸ்ஸுக்கும் போட்டுக்கும் பெரிய வித்தியாசமே இதுதான். பஸ்ஸுன்னா அடியில பூந்து நட்ட புடிச்சுக்கலாம். போட்டுல தரைக்கு அடியில பில்ஜு (கசியற தண்ணி வந்து தேங்கற அடிப் பள்ளம்), அதுக்கும் அடியில தண்ணி. கை போகாத எடத்துல நட்டு எப்புடிப் போடறது? தரை இரும்பு தகடா, அலுமினியமா, ஃபைபரா, மரைன் ப்ளையா, மரமாங்கறத பொறுத்து பாதி முடிவு தானா வந்துரும்.

உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா. மேட்டூர், பவானிசாகர்னா 304 ரக எஸ்.எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தாராளமாப் போதும். வேம்பநாட்டுக் காயல், கடல் பக்கம்னா 316 போடுங்க. 316-ல மாலிப்டினம் 2-ல இருந்து 3 சதவீதம் கலந்திருக்கறதால உப்புல ஊசி ஊசியா ஓட்டை விழறது கம்மி. வெல கூடத்தான், ஆனா போட்டு முழுசுக்கும் போல்ட்டு எத்தனை கிலோ ஆயிரப் போகுது?

வழி. ராத்திரி லைட்டு போயி தண்ணி ஏறும்போது ஜனங்க ஓடற வழியில என்ன கெடக்குங்கறதுதான் கடைசி அளவுகோல். மத்ததெல்லாம் பாஸ் ஆகி இதுல ஃபெயிலானா அந்த ஐடியாவ தூக்கிப் போடுங்க.

## வழி 1: தரையோட போல்ட்டு போட்டு நிரந்தரமா மாட்டறது

சவாரி போட்டுல பெஞ்சு, வரிசை சீட்டு எல்லாத்துக்கும் இதுதான் ஊர் ஒலகமெல்லாம் பண்றது. கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்களே, அந்த அலுமினிய போட்டுகள்ல சீட்டெல்லாம் நகராது. வேகமா போற கடல் போட்டுன்னா சர்வதேச கடல்சார் அமைப்போட ஹைஸ்பீட் கிராஃப்ட் கோடு இருக்குது, அதுல சீட்டு மட்டுமில்ல, சீட்ட தரையோட புடிக்கிற எடமும் மோதலத் தாங்குதான்னு பாக்கச் சொல்லுது. நம்ம பஸ் பாடி கோடுல சீட்டு ஆங்கரேஜ் டெஸ்ட்டு பாத்த ஆளுகளுக்கு இது புதுசில்ல.

பலம் பத்தி கவலையே வேண்டாம். 8 எம்.எம் எஸ்.எஸ் போல்ட்டு (ஏ2-70 ரகம்) ஒண்ண இழுத்து அறுக்கணும்னா ரெண்டரை டன் வேணும். மூணு பேரு உக்காந்த பெஞ்சு மொத்தமே 250 கிலோ. அப்புறம் எங்க பிரச்சனை வருதுன்னா வாஷர்லதான். 12 எம்.எம் ப்ளையில சின்ன வாஷர் போட்டு முறுக்கினா, பெஞ்சு பின்னால ஒவ்வொரு தடவை ஆள் சாயும்போதும் அந்த வாஷர் கொஞ்சம் கொஞ்சமா ப்ளைக்குள்ள முங்கும். பழைய போட்டு ஒண்ணுல பெஞ்ச கழட்டிட்டு அந்த ஓட்டைய சுத்தி அறுத்து எடுத்துப் பாத்தோம். மேல பெயிண்டு பளபளன்னு இருக்குது, உள்ள ப்ளையோட நடு அடுக்கு கருப்பா, வெரல வெச்சு அமுக்கினா ஈரமா பிஞ்சு வருது, ஒரு கெட்ட நாத்தம் வேற. போல்ட்டு மட்டும் புதுசாட்டம் ஜம்முனு இருந்துச்சு.

இதுக்கு வைத்தியம் தெரிஞ்சதுதான், செய்யறவங்கதான் கம்மி. ஓட்டைய அளவுக்கு மேல பெருசா போட்டு, அத எப்பாக்ஸி ஊத்தி நெரப்பி, காஞ்ச பொறகு அந்த எப்பாக்ஸிக்குள்ள சரியான அளவுல ஓட்டை போடணும். அப்ப தண்ணி போனாலும் மரத்த தொடாது. அடியில 5 எம்.எம் ஃப்ளாட்டுல ஒரு பட்டா வெச்சு ரெண்டு போல்ட்டயும் ஒட்டுக்கா புடிக்கணும். மேல பாலியூரித்தேன் சீலன்ட்டு. பாத்ரூம் சிலிக்கான வெச்சு அப்பாதீங்க, பின்னால அது மேல பெயிண்டும் புடிக்காது, வேற சீலன்ட்டும் ஒட்டாது.

அலுமினியத் தரையில எஸ்.எஸ் போல்ட்ட நேரா போட்டீங்கன்னா, ரெண்டு உலோகமும் தண்ணியும் சேந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும், தேயறது அலுமினியம்தான். ஓட்டைய சுத்தி வெள்ளையா மாவு பூத்திருந்தா அதுதான் கதை. நைலான் புஷ்ஷு, நைலான் வாஷர் போட்டு ரெண்டயும் பிரிச்சு வெக்கணும். எஸ்.எஸ்-க்கு எஸ்.எஸ் நட்டு போட்டு மெசின்ல வேகமா ஓட்டினா மரையே புடிச்சு இறுகிக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். ஆன்ட்டி சீஸ் கிரீஸ் தடவி கையில முறுக்குங்க.

மறைஞ்சிருக்கற செலவு: சீலன்ட்டு சாகாவரம் வாங்கி வந்ததில்ல, ஒவ்வொரு தடவை போட்ட கரையேத்தும்போதும் பாத்து மாத்தணும். இன்னொண்ணு, பில்ஜுக்கு எறங்கற மூடி மேலயே பெஞ்ச மாட்டி வெச்சிருவாங்க. தண்ணி ஏறுதான்னு பாக்க பெஞ்ச கழட்டணும்னா யாருங்க பாப்பாங்க?

இதுல ஒரு லாபம் யாரும் சொல்றதில்ல. மாட்டின சீட்டு எண்ணிக்கைதான் ஆள் எண்ணிக்கை. 30 சீட்டுன்னா 30 பேரு. அவுத்து விட்ட சேருன்னா நோம்பி நாள்ல "இன்னும் பத்து சேரு எடுத்துப் போடு தம்பி"ன்னு ஆரம்பிச்சுருவாங்க.

## வழி 2: போட்டோடவே சேத்து கட்டிர்றது

பெஞ்சு, கட்டில், அலமாரி எல்லாத்தயும் ஃப்ரேமோட சேத்து கட்டறது, நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி. கழட்டற பேச்சே இல்ல, அதனால மாட்ட மறக்கற பேச்சும் இல்ல. என் கணக்குல இதுக்கு இதுவே பெரிய மார்க்கு. பெஞ்சுக்கு அடியில லைஃப் ஜாக்கெட்டு வெச்சுக்கலாம் (மூடிக்கு பூட்டு மட்டும் போடாதீங்க, புண்ணியமாப் போகும்). சுவத்தோடயும் தரையோடயும் சேந்து நிக்கறதால எடை நாலு புள்ளியில எறங்காம பரவலா எறங்குது.

ஆனா எடை. 18 எம்.எம் மரைன் ப்ளை, ஐ.எஸ் 710 ரகம், எட்டுக்கு நாலு ஷீட்டு ஒண்ணு ஏறத்தாழ 35 கிலோ வரும். ரூமுக்கு ரூம் கட்டில், அலமாரி, பெஞ்சுன்னு 10 ஷீட்டு போனா 350 கிலோ, அதாவது அஞ்சு ஆளு எப்பவுமே டிக்கெட் எடுக்காம உக்காந்திருக்கற மாதிரி. அதுவும் மேல் தட்டுல கட்டினா போட்டோட எடை மையமே மேல போயிரும், சாஞ்சா திரும்பி நிமுரற தெம்பு கொறஞ்சு போகும். உள்நாட்டுக் கப்பல் சட்டம் 2021-ல வந்துது, 1917-ல இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலா. பதிவு பண்ணின போட்டுல இந்த அளவுக்கு மாத்தம் செய்யணும்னா சர்வேயரக் கேக்காம கை வெக்காதீங்க.

கெட்டுவள்ளம்னா (கேரளாவோட பழைய மரப் படகு, இப்ப ஹவுஸ்போட்டா ஓடறது) இன்னும் ஒரு விசயம். அதோட ஒடம்பு ஆணி அடிச்சதில்ல, பலகைய கயித்துல தெச்சது. அந்தப் பலகையில ஓட்டை போடறது பாவம். மேல குறுக்குச் சட்டம் போட்டு தரை கட்டியிருப்பாங்க, அந்த சட்டத்துலதான் எதையும் புடிக்கணும்.

மறைஞ்ச செலவுன்னா காத்தோட்டம். மூடிக் கட்டின பெட்டிக்குள்ள ஈரம் தங்கி பூசணம் புடிக்கும், கரப்பான் குடித்தனம் நடத்தும். மூடியிலயும் பக்கவாட்டுலயும் வெரல் நுழையற அளவு ஓட்டை விட்டுருங்க. அப்புறம், நாலு வருசம் கழிச்சு ரூம் அமைப்ப மாத்தணும்னு தோணுச்சுன்னா ஒடைச்சுத்தான் ஆகணும், கழட்டி வித்துக் காசாக்க முடியாது.

## வழி 3: ட்ராக், சாக்கெட்டு, கழட்டி மாட்டற கால்

தரையில அலுமினிய ட்ராக்கு பதிச்சு, அதுல சீட்டு காலோ டேபிள் காலோ சொருகி லாக் பண்றது. விமானத்துல சீட்டு மாட்டற அதே முறை. எல் ட்ராக்குன்னு கேட்டா கெடைக்கும், வட்ட ஓட்டைக ஒரு இஞ்சுக்கு ஒண்ணா இருக்கும், அதனால சீட்ட முன்னபின்ன ஒரு இஞ்சு ஒரு இஞ்சா நகத்திக்கலாம். டேபிளுக்கு இன்னொரு வகை, தரையில ஒரு சாக்கெட்டு, ஒத்தக் குழாக் கால அதுல சொருகிக்கறது, வேண்டாம்னா உருவி ஓரமா வெச்சுக்கலாம்.

காலையில சுத்திப் பாக்கற போட்டு, மத்தியானம் பொறந்தநாள் பார்ட்டி, சாயந்தரம் மீட்டிங்னு ஓடற போட்டுக்கு இத விட்டா வேற வழியில்ல. வீல்சேர் வந்தா ரெண்டு சீட்ட எடுத்துட்டு அதே ட்ராக்குல வீல்சேரையும் பெல்ட்டு போட்டு புடிச்சுக்கலாம், இது பெரிய வசதி.

ஆனா நான் பயப்படறதும் இதுக்குத்தான். கழட்ட முடியற எதுவும் ஒரு நாளு அரைகுறையா மாட்டினபடியே கெளம்பும். ட்ராக்கு ஓட்டையில கடலைத் தோலு, மணலு, சிப்ஸு தூளு போய் அடைச்சுக்கும். அதுக்கு மேல லாக்க அமுக்கினா பிளஞ்சர் (ஓட்டைக்குள்ள எறங்கிப் புடிக்கிற லாக்கு தண்டு) முழுசா எறங்காது, ஆனா "டிக்"னு சத்தம் கேக்கும். பாக்கறவனுக்கு மாட்டின மாதிரியே தெரியும். நாங்க பண்றது என்னன்னா, பிளஞ்சர் தண்டுல செவப்பு பெயிண்டு ஒரு வளையம் அடிச்சு விட்டுருவோம். முழுசா எறங்கினா செவப்பு தெரியாது. செவப்பு தெரிஞ்சா போட்டு கெளம்பக் கூடாதுன்னு ஸ்ராங்குகிட்ட (போட்ட ஓட்டறவரு) சொல்லி வெக்கறது. தூர நின்னு ஒரு பார்வையில பாத்துக்கலாம், குனிஞ்சு ஒவ்வொண்ணா ஆட்டிப் பாக்க வேண்டாம்.

ட்ராக்கையும் போல்ட்டு போட்டுத்தானே தரையில புடிக்கறோம்? அப்ப வழி 1-ல சொன்ன அத்தனை ஓட்டை, எப்பாக்ஸி, சீலன்ட்டு வேலையும் இங்கயும் உண்டு, சொல்லப் போனா ஓட்டை அதிகம். வேண்டாதப்ப காலத் தட்டாம இருக்க ட்ராக்க தரை மட்டத்துக்கு பதிக்கணும், அதுக்கு தரைய அறுக்கணும். ஒத்தக்கால் டேபிள் சாக்கெட்டு நாளாக நாளாக லொடலொடன்னு ஆடும், அதுலயும் சாப்பாட்டு டேபிளப் புடிச்சு எந்திரிக்கற பழக்கம் நம்மாளுகளுக்கு ஜாஸ்தி. சாக்கெட்ட வருசத்துக்கு ஒருக்கா மாத்தறதா செலவுக் கணக்குல எழுதிக்குங்க.

## வழி 4: கொக்கி, செயின், பெல்ட்டு

பழைய காலத்து பெரிய பயணிகள் கப்பல்ல சேருக்கு அடியில ஒரு கொக்கி, தரையில ஒரு வளையம், நடுவுல டர்ன்பக்கிள் (முறுக்கினா நீளம் கொறஞ்சு இறுகற மரைக் கம்பி). அமைதியான நாள்ல அவுத்து விட்டுருவாங்க, கடல் மோசமானா முறுக்கி இறுக்கிருவாங்க. 1907-ல ஓட ஆரம்பிச்ச லூசிட்டானியா, மாரிட்டானியா மாதிரிக் கப்பல்ல சாப்பாட்டுக் கூடத்துல சேரையே தரையோட மாட்டி, உக்கார்றதுக்கு சுத்தற மாதிரி வெச்சிருந்தாங்க. இப்பவும் பெரிய குரூஸ் கப்பல்ல சேரெல்லாம் அவுத்துதான் இருக்குது, காத்து வருதுன்னு தெரிஞ்சா ஆளுக வந்து எல்லாத்தயும் ஒதுக்கிக் கட்டுவாங்க. அதுக்கு முன்னாடியே ஆட்டம் ஆரம்பிச்சா என்ன ஆகும்னு 2019 மார்ச்சுல பாத்தோம். வைக்கிங் ஸ்கைங்கற கப்பல், நார்வே கடல்ல இன்ஜின் நின்னு போச்சு, உள்ள 1,373 பேரு. சோபா, பூத்தொட்டி எல்லாம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டு ஓடற வீடியோ வாட்சப்புல சுத்துச்சே, அதேதான். ஹெலிகாப்டர்ல 479 பேர தூக்க வேண்டியதாப் போச்சு.

நமக்கு இது எங்க ஆகும்? தற்காலிகமா நிக்கற சாமானுக்கு. போட்ட வேற துறைக்கு கொண்டு போகும்போது, இல்ல மழைக்காலத்துல கட்டி வெக்கும்போது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரங்களுக்கு ரேட்செட்டு பெல்ட்டு பத்தி நாம சொல்லித் தர வேண்டியதில்ல. ஒரு சின்ன விசயம், செயின்ல தளர்வு இருக்கக் கூடாது. நாலு விரக்கட தளர்வு இருந்தாலும் சாமான் அந்த நாலு விரக்கட ஓடி வந்து "டொக்"குனு இழுக்கும், அந்த ஒத்த இழுப்புலதான் வளையம் புடுங்கிட்டு வருது. பெல்ட்டு வெயில்ல கெடந்தா பவுடர் மாதிரி உதிரும், அத வருசா வருசம் மாத்தணும். ஆளு நடக்கற எடத்துல கொக்கி, வளையம் துருத்திக்கிட்டு இருந்தா கால் தட்டி விழுவாங்க, மடங்கிப் படுக்கற வளையமா வாங்குங்க.

வண்டி ஏத்தற துறையில இன்னொண்ணு. பூலாம்பட்டி போட்டுல டூவீலரையும் ஏத்திக்கிட்டு வருவாங்க. போட்டுக்குள்ள அவுத்து விட்ட பெரிய ஃபர்னிச்சரு எதுன்னா அந்த பைக்குதான். 120 கிலோ, சைடு ஸ்டாண்டுல ஒருக்களிச்சு நிக்குது. அதுக்கு ஓரமா ஒரு கம்பியும் ரெண்டு பெல்ட்டும் வெச்சுக்கறது பெஞ்சுக்கு போல்ட்டு போடறத விட அவசரமான வேலைங்க.

## வழி 5: எடை, ரப்பர், விளிம்பு

எதையும் மாட்டாம சாமான் தன்னால நிக்கற மாதிரி பண்றது. அடி கனமா, மேல லேசா, ரப்பர் புஷ்ஷு, அடியில வழுக்காத மேட்டு. டேபிள் ஓரத்துல ஒரு இஞ்சு உசர விளிம்புக் கட்டை அடிச்சா தட்டு, டம்ளர் ஓடாது. கப்பல்ல காலங்காலமா இருக்கற ஏற்பாடு அது, டேபிள எப்புடி மாட்டினாலும் விளிம்பு வெச்சுக்கலாம்.

அணைத் தண்ணியில மெதுவா போற ஹவுஸ்போட்டு உள்ரூமுக்கு, தரையில ஓட்டை போட முடியாத வாடகை போட்டுக்கு இது சரி வரும். ஆனா நம்மூர்ல ஒரு ஆசை இருக்குது, டேபிளுக்கு கிரானைட்டு போட்டாத்தான் கௌரவம்னு. கிரானைட்டு மேல் பலகைன்னா எடை பூரா தலையில. கிரானைட்டு வேணும்னா அத டேபிளோட அடிப் பலகையாப் போடுங்க, மேல மரம் போதும்.

பிளாஸ்டிக் சேரு இந்த வழியில கூட சேராது. ரெண்டு மூணு கிலோ எடை, வழுக்கற கால், ஆளு எந்திரிச்சா காத்துக்கே நகரும், வழியில போய் அடைச்சுக்கும். எனக்கு இதுல ரெண்டாவது கருத்தே கெடையாது. சவாரி போட்டுல பிளாஸ்டிக் சேரு வேண்டாம். அதுக்கு பில்லூர் பரளிக்காட்டு பரிசல்ல மாதிரி எல்லாரும் கீழ உக்காந்துக்கலாம், எடை மையமாவது கீழ இருக்கும்.

## ஒரே பார்வையில

| | கழட்டி மாட்ட | தரையில ஓட்டை | மறைஞ்ச செலவு | எங்க சரி |
|---|---|---|---|---|
| போல்ட்டு | சிரமம் | உண்டு | சீலன்ட்டு, ப்ளை ஊறல் | சவாரி போட்டு, வரிசை சீட்டு |
| சேத்து கட்டறது | முடியாது | கம்மி | எடை, பூசணம், சர்வே | ஹவுஸ்போட்டு கட்டில், பெஞ்சு |
| ட்ராக், சாக்கெட்டு | சுளுவு | ஜாஸ்தி | அடைப்பு, அரைகுறை லாக், தேய்மானம் | பார்ட்டி போட்டு, வீல்சேரு எடம் |
| கொக்கி, பெல்ட்டு | சுளுவு | வளையத்துக்கு மட்டும் | ஆள் வேலை, பெல்ட்டு மாத்தறது | பைக்கு, தற்காலிக சாமான் |
| எடை, ரப்பர் | தேவையே இல்ல | இல்ல | கூடுதல் எடை, ஈரத்துல பிடிப்பு போகும் | அமைதித் தண்ணி, உள்ரூம் சின்ன டேபிள் |

## அப்ப யாரு எதப் போடறது

அணையில சவாரி விடறவருக்கு: பெஞ்சு, போல்ட்டு, அடியில பட்டா. வேற எதையும் யோசிக்காதீங்க. காசு கம்மின்னா பெஞ்ச சுருக்குங்க, போல்ட்ட சுருக்காதீங்க. பெஞ்சு நீளவாட்டுல ரெண்டு ஓரமும் போட்டா நடுவுல வழி அகலமா கெடைக்கும், ஆனா ஜனங்க ஓரத்துலயே இருப்பாங்க. குறுக்க வரிசையாப் போட்டா எடை பரவலா இருக்கும், வழி குறுகும். சின்ன போட்டுக்கு நான் குறுக்கு வரிசைதான் சொல்லுவேன், நடு வழி மட்டும் ரெண்டு அடிக்கு கொறையாம.

திருப்பூர்க்காரருக்கு: கட்டிலும் ஓரத்து பெஞ்சும் சேத்து கட்டிருங்க, அதுதான் உங்க சோபா. ஒறம்பரை வந்தா பாய் விரிக்க நடு எடம் தானா காலியா இருக்கும், எதையும் தள்ள வேண்டியதில்ல. சாப்பாட்டு டேபிள் மட்டும் சாக்கெட்டுக் கால். அவரு கேட்டது நகர்ற சோபா, ஆனா அவருக்கு வேணும்கறது காலி எடம், அத விசாரிச்சுப் பேசினப்பறம் அவரே ஒத்துக்கிட்டாரு. காயல் தண்ணிங்கறதால எல்லாம் 316.

மேல் தட்டு வெச்சிருக்கறவங்களுக்கு: மேல லேசான சாமான், அதுவும் மாட்டினது மட்டும். அவுத்து விட்ட சேரு மேல் தட்டுல கண்டிப்பா வேண்டாம், ஆளு ஒரு பக்கம் ஓடும்போது சேரும் கூடவே ஓடும்.

பீரோ, ஃப்ரிட்ஜு, டிவி எல்லா போட்டுக்கும் ஒண்ணுதான், கீழ மட்டும் புடிச்சா பத்தாது. பீரோவுக்கு தலையில ஒரு ஆங்கிள் போட்டு சுவத்துச் சட்டத்தோட புடிங்க, கீழ ரெண்டு ஸ்க்ரூ போதும். கதவுக்கும் டிராயருக்கும் காந்த கேட்ச் வேண்டாம், அது வீட்டுக்கு. அமுக்கித் தெறக்கற லாக்கு போடுங்க. 100 கிலோ பீரோ 30 டிகிரி சாஞ்சா பக்கவாட்டுல 50 கிலோ இழுக்கும், ஆட்டத்துல அதுக்கு மேலயும் போகும், அத வெச்சு சட்டம் தாங்குதான்னு பாத்துக்குங்க. கேஸ் சிலிண்டர் உள்ளயே வேண்டாம். கேஸு காத்த விட கனம், லீக் ஆனா நேரா பில்ஜுக்குள்ள போய் தேங்கும். வெளித் தட்டுல நிமுத்தி வெச்சு ரெண்டு எடத்துல பட்டை போட்டுக் கட்டுங்க.

## மாட்டி முடிச்ச பொறகு

மாட்டின அன்னைக்கே ஒரு ஆள பெஞ்சு மேல் விளிம்பப் புடிச்சு முன்னயும் பின்னயும் நல்லா ஆட்டச் சொல்லுங்க, இன்னொருத்தரு பில்ஜுக்குள்ள டார்ச்சு அடிச்சு பட்டா அசையுதா பாருங்க. மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. இன்ஜின் அதிர்வுல முதல் மாசத்துல நட்டு கொஞ்சம் எளகறது சகஜம், நைலாக்கு (உள்ள நைலான் வளையம் வெச்ச, எளகாத நட்டு) போட்டிருந்தாலும் ஒருக்கா திரும்ப முறுக்கணும். முறுக்கின பொறகு நட்டுல இருந்து பட்டா வரைக்கும் மஞ்சப் பெயிண்டுல நேரா ஒரு கோடு இழுத்து விட்டுருங்க, லாரி வீல் நட்டுக்கு போடற மாதிரிதான். கோடு ரெண்டா விலகி நின்னா நட்டு திரும்பியிருக்குதுன்னு ஸ்ராங்கே பாத்துச் சொல்லிருவாரு, அதுக்கு கரூர்ல இருந்து நாங்க வர வேண்டியதில்லீங்க.